சொகுசுக் கப்பல் பயணத்திற்கு முன் ஆவணங்களைச் சரிபார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கப்பல் பயணத்திற்கு ஆவணங்களைத் திரட்டுபவர்கள் பெரும்பாலும் கப்பல் புறப்படும் நாட்டையும் பயணம் முடியும் நாட்டையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். இடையில் கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாடும் தனி எல்லை என்பதும், சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்போது அந்த நாட்டுக்குள் இரண்டாம் முறையாக நுழைகிறோம் என்பதும் பலருக்குத் துறைமுக முனையத்தில்தான் தெரிய வருகிறது. அங்கே தெரிந்து பயனில்லை. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் செல்லும் நிறுவனம் அபராதம் கட்ட நேரிடும் என்பதால், பதிவு மேசையில் இருப்பவர் இரக்கப்பட்டாலும் ஏற்றிக்கொள்ள இயலாது. ஏற மறுக்கப்பட்டவருக்குக் கட்டணம் திரும்பக் கிடைப்பதில்லை. ஆவணக் குறைவால் வரும் இழப்பைப் பெரும்பாலான பயணக் காப்பீடுகளும் ஏற்பதில்லை.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்ய வேண்டும். வழித்தடம் தெரியாமல் எந்தெந்த விசா தேவை என்று முடிவு செய்ய முடியாது. பழைய கடவுச்சீட்டில் மின்விசா வாங்கிவிட்டுப் பிறகு புதுப்பித்தால் எண் மாறி, அந்த அனுமதி வீணாகலாம். பெயரை ஒப்பிடாமல் பதிவுகளை முடித்தால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும். பயணத்திற்கு ஆறு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

1. முன்பணம் கட்டும் முன்பே வழித்தடத்தைத் துறைமுகம் துறைமுகமாக எழுதுங்கள்

ஒரு தாளில் பயணத்தின் ஒவ்வொரு நாளையும் வரிசையாக எழுதி, அன்று கப்பல் நிற்கும் துறைமுகம், அது எந்த நாட்டைச் சேர்ந்தது, அந்த நாட்டுக்குள் நுழைவது முதல் முறையா இரண்டாம் முறையா என்ற மூன்றையும் குறியுங்கள். கப்பலைப் பிடிக்கச் செல்லும் விமானத்தையும், அது இடைநிற்கும் விமான நிலையத்தையும், பயணம் முடிந்து ஊர் திரும்பும் விமானத்தையும் இதே தாளில் சேருங்கள். ஆவணச் சிக்கல்களில் கணிசமானவை கடலில் அல்ல, இந்த விமானங்களில்தான் எழுகின்றன.

விளம்பரத்தில் உள்ள பயணத்தின் பெயரை வைத்து வழித்தடத்தை ஊகிக்க வேண்டாம். சியாட்டிலில் புறப்பட்டு அலாஸ்காவைச் சுற்றிவிட்டுச் சியாட்டிலுக்கே திரும்பும் பயணத்தை முழுக்க அமெரிக்காவுக்குள் நடப்பது என்றே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வெளிநாட்டுக் கொடியுடைய, அதாவது வேறொரு நாட்டில் பதிவான கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்குவதை 1886ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டம் கட்டுப்படுத்துவதால், அவை வழியில் கனடாவின் விக்டோரியா போன்ற ஒரு துறைமுகத்தில் நின்றுதான் திரும்புகின்றன. சில மணி நேரமே நின்றாலும் அது கனடாதான். அதற்குரிய அனுமதி வேண்டும்.

2. ஒவ்வொரு பயணிக்கும் தனி வரிசை போடுங்கள்

துறைமுகப் பட்டியல் முடிந்ததும் அதன் பக்கத்தில் பயணிகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் குடியுரிமை, வசிக்கும் நாடு, கடவுச்சீட்டு எண், காலாவதித் தேதி, வயது ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரே குடும்பத்தில் கணவர் ஒரு நாட்டுக் குடிமகனாகவும் மனைவி இன்னொரு நாட்டுக் குடிமகளாகவும் இருப்பது இன்று வியப்பில்லை. ஒருவருக்கு விசா தேவைப்படாத துறைமுகம் அடுத்த அறையில் இருப்பவருக்கு விசா கேட்கும்.

எனவே, “அங்கெல்லாம் விசா வேண்டாம்” என்று முகவரோ முன்பு போய் வந்த நண்பரோ சொன்னால், எந்த நாட்டுக் கடவுச்சீட்டுக்கு என்று உடனே கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை வராத தகவல் எதையும் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் எந்தக் கடவுச்சீட்டில் பயணம் செய்யப் போகிறார்கள் என்பதை இந்தப் படியிலேயே தீர்மானிக்க வேண்டும். அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்காவுக்குள் அமெரிக்கக் கடவுச்சீட்டில்தான் நுழைய வேண்டும் என்பது போன்ற விதிகள் உண்டு. ஒரு நாட்டில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை மட்டும் உள்ளவர் அந்த நாட்டுக்குத் திரும்ப அதற்கான அட்டையையும், பிற துறைமுகங்களுக்குத் தம் சொந்தக் கடவுச்சீட்டையும் வைத்திருக்க வேண்டும்.

3. கடவுச்சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நினைவிலிருந்து தேதியைச் சொல்லாமல், ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். பயணம் முடியும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதைப் பொது அளவுகோலாகக் கொள்ளுங்கள். புறப்படும் நாளிலிருந்து ஆறு மாதம் எண்ணுவது அடிக்கடி நிகழும் பிழை. நீண்ட பயணங்களில் இந்த வேறுபாடே ஒருவரைத் தடுத்து நிறுத்தப் போதுமானது. ஒரு நாடு இதைவிடக் குறைவாகக் கேட்டாலும் கப்பல் நிறுவனம் ஆறு மாதம் கேட்கலாம். இரண்டில் எது கடுமையானதோ அதற்கே தயாராகுங்கள்.

தமக்குள் எல்லைச் சோதனை இல்லாமல், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பான ஷெங்கன் பகுதிக்கு வேறொரு கணக்கு உண்டு. அங்கிருந்து வெளியேறத் திட்டமிட்ட நாளுக்குப் பின் மூன்று மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும்; அதோடு, அது கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஆகவே காலாவதித் தேதியோடு வழங்கிய தேதியையும் பார்ப்பது அவசியம்.

பிறகு வெற்றுப் பக்கங்களை எண்ணுங்கள். பல துறைமுகங்களில் முத்திரை விழும் பயணம் என்றால் இரண்டு முழுப் பக்கங்களாவது காலியாக இருக்கட்டும். புகைப்படப் பக்கத்தில் ஈரம் பட்ட கறை, பிரிந்துவரும் பிளாஸ்டிக் உறை, கிழிந்த மூலை போன்றவை இருந்தால் புதுப்பித்துவிடுங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள, இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் சேதமடைந்த கடவுச்சீட்டைச் செல்லாதது என்று அதிகாரி ஒதுக்கலாம்.

புதுப்பிக்க வேண்டுமென்றால் அடுத்த படிக்குப் போகும் முன்பே அதை முடியுங்கள். பழைய கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட அமெரிக்க விசா செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துச் செல்லலாம். இணையத்தில் விண்ணப்பித்துப் பெறும் மின்னணுப் பயண அனுமதிகள் அப்படியல்ல. அவை கடவுச்சீட்டு எண்ணோடு பிணைக்கப்பட்டவை என்பதால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரே அமெரிக்கத் துறைமுகத்தில் தொடங்கி அங்கேயே முடியும், அண்டை நாடுகளுக்கான பயணங்களில் பிறப்புச் சான்றிதழும் அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையும் கொண்டு அவர்கள் திரும்பி நுழையலாம். சட்டப்படி சரியென்றாலும், இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வழியில் உடல்நலம் குன்றி இறங்க நேர்ந்தாலோ கப்பலைத் தவறவிட்டாலோ, விமானத்தில் திரும்பக் கடவுச்சீட்டு இல்லாமல் முடியாது. தவிர, இடையில் உள்ள சில நாடுகள் தம் கரையில் இறங்கக் கடவுச்சீட்டையே கேட்கின்றன.

4. விசாவைத் துறைமுகவாரியாகத் தீர்மானியுங்கள்

அதிக நேரமும் கவனமும் கேட்கும் படி இதுதான். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இரண்டு இடங்களில் விசாரியுங்கள்: அந்த நாட்டின் குடிநுழைவுத் துறையோ தூதரகமோ நடத்தும் அதிகாரபூர்வ இணையதளம், அடுத்து கப்பல் நிறுவனம். நாட்டின் விதி உங்களை நுழைய விடும். நிறுவனத்தின் விதிதான் உங்களைக் கப்பலில் ஏற விடும். இரண்டாவதைக் கேட்காமல் விடுபவர்கள் பலர். பதிலை எழுத்து மூலம் பெற்று, பெற்ற தேதியோடு வைத்திருங்கள்.

*எத்தனை முறை நுழைகிறீர்கள்?* ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஏறி, பிரான்ஸின் மார்செய், இத்தாலியின் சிவிதாவெக்கியா வழியாகச் சென்று, துருக்கியின் குசாடசியில் நின்று, ஏதென்ஸுக்கான பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கும் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கி ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருப்பதால், அங்கே போய்விட்டுக் கிரேக்கத்துக்கு வருவது இரண்டாம் நுழைவாகிறது. ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா இந்தப் பயணத்துக்குப் போதாது. பலமுறை நுழைவுக்கான விசாவைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், துருக்கிக்கான அனுமதியையும் தனியே பார்க்க வேண்டும். ஏட்ரியாட்டிக் கடல் பயணங்களில் குரோஷியாவின் துப்ரோவ்னிக்கும் மாண்டினீக்ரோவின் கோட்டோரும் அடுத்தடுத்த நாள்களில் வரும். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதிக்குள் உள்ளது; மாண்டினீக்ரோ இல்லை. 2023க்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளை நம்பித் திட்டமிட்டால் இந்த இடத்தில் கணக்கு பிசகும்.

இதே தர்க்கம் மற்ற கடல்களுக்கும் பொருந்தும். மயாமியில் ஏறிக் கரீபியத் தீவுகளைச் சுற்றி மயாமிக்கே திரும்பும் வெளிநாட்டவர் அமெரிக்காவுக்குள் ஒருமுறை விமானத்திலும் ஒருமுறை கப்பலிலும் நுழைகிறார். சிங்கப்பூரில் ஏறி மலேசியாவின் பினாங்கும் தாய்லாந்தின் புக்கெட்டும் போய்ச் சிங்கப்பூருக்குத் திரும்புபவருக்கும் இரண்டு நுழைவுகள் உண்டு. விசா தேவைப்படும் குடியுரிமை என்றால், பலமுறை நுழைவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை விசாத் தாளிலேயே படித்துப் பாருங்கள்.

*எந்த வழியில் நுழைகிறீர்கள்?* சில அனுமதிகள் விமானத்தில் வருபவருக்கு மட்டுமே செல்லும். கனடா இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. விசா தேவைப்படும் சில நாட்டினர், முன்பு கனடா விசா பெற்றிருந்தாலோ செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருந்தாலோ, மின்னணுப் பயண அனுமதியில் விமானம் வழியாகக் கனடாவுக்குள் நுழையலாம். அதே நபர் கப்பலில் வந்தால் அந்த அனுமதி செல்லாது. வருகையாளர் விசா வேண்டும். இந்தியாவின் மின்விசாவில் குறிப்பிட்ட விமான நிலையங்கள், துறைமுகங்கள் போன்ற அனுமதிக்கப்பட்ட நுழைவிடங்கள் வழியாக மட்டுமே நுழைய முடியும். ஆகவே “மின்விசா கிடைக்குமா” என்பதோடு, “என் கப்பல் நிற்கும் துறைமுகத்தில் அது செல்லுமா” என்பதையும் கேட்க வேண்டும்.

*இறங்காவிட்டால் விசா வேண்டாமா?* வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பல பயணிகள் விசாவைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். ஆனால் கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டதும் அதிலுள்ள அனைவரும் அந்த நாட்டு அதிகாரிகளின் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் என்பதால், பல நிறுவனங்கள் வழித்தடத்தின் எல்லா விசாக்களும் இருந்தால் மட்டுமே முதல் நாளில் ஏற அனுமதிக்கின்றன.

*வருகை அட்டை வேறு, விசா வேறு.* வருகை அட்டை என்பது நாட்டுக்குள் நுழையும் முன் பயண விவரங்களைத் தரும் படிவம். சிங்கப்பூர் வருகை அட்டையை வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்; தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இணைய வருகை அட்டையைக் கேட்கிறது. இவற்றை நிரப்பியதால் விசா பெற்றதாகாது. சிங்கப்பூர் அட்டைக்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் அல்ல. இத்தகைய படிவங்களுக்கு நாள் நெருங்கும்போதுதான் நேரம் வரும் என்பதால், முதல் படியில் எழுதிய தாளில் எந்த நாளில் எதை நிரப்ப வேண்டும் என்று இப்போதே குறித்துவையுங்கள்.

*விண்ணப்பிக்கும் வரிசை.* பல தூதரகங்கள் விசா தரும்வரை கடவுச்சீட்டைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு நாட்டு விசாக்களுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிக்க இயலாமல் போகலாம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கலான நேரங்களில் 45 நாள் வரை ஆகும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்திலும், நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டின் தூதரகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். கப்பலுக்கு முன்னும் பின்னும் விடுதியில் தங்கும் நாள்கள் இந்தக் கணக்கை மாற்றிவிடும் என்பதால் அவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். இந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் தேவை.

*இடைநிற்கும் விமான நிலையம்.* அமெரிக்காவில் விமானம் மாறுபவர்கள் வேறு நாட்டுக்குப் போவதாக இருந்தாலும் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும். அதற்கும் விசாவோ உரிய பயண அனுமதியோ வேண்டும். மலிவான விமானச் சீட்டைத் தேர்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

5. பெயர் எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்

கப்பல் முன்பதிவு, விமானச் சீட்டு, விசா, காப்பீடு ஆகிய அனைத்திலும் கடவுச்சீட்டில் உள்ள பெயரே, அதே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தும் கடவுச்சீட்டு பழைய பெயரிலேயே இருந்தால், பழைய பெயரில் முன்பதிவு செய்யுங்கள். இல்லையேல் திருமணச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோக நேரிடும், அதை எல்லாரும் ஏற்பார்கள் என்ற உறுதியும் இல்லை.

தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டு எழுதிப் பழகியவர்களும், குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக உள்ளவர்களும் இந்தப் படியில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். முன்பதிவுப் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது என்பதால் பலர் தாமாகவே ஏதோ ஒன்றை நிரப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், ஒற்றைப் பெயரை எப்படிப் பதிய வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடமும் விமான நிறுவனத்திடமும் கேட்டு, இருவர் சொல்வதையும் ஒப்பிட்டு நிரப்புங்கள். ஒரே ஓர் எழுத்துப் பிழை என்றாலும் இறுதிப் பணம் கட்டும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். பயணிகள் பட்டியல் அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்ட பின் திருத்துவது கடினம்.

6. சிறார், கர்ப்பிணிகள், தடுப்பூசி

பெற்றோரில் ஒருவருடன் மட்டுமோ, தாத்தா பாட்டியுடனோ வரும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழும், உடன் வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் தேவைப்படும். கடிதத்தில் பயணத் தேதிகள், கப்பலின் பெயர், குழந்தையை அழைத்துச் செல்பவரின் பெயர் ஆகியவை இருக்கட்டும்; நோட்டரி சான்றொப்பம் பெறுவது பாதுகாப்பானது. குழந்தைக் கடத்தலைத் தடுக்கவே இந்தச் சோதனை என்பதால் அதிகாரிகள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

பயணத்தின் எந்த நாளிலாவது 24ஆம் வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. அதற்கு முந்தைய வாரங்களில் இருப்பவர்கள், வாரக் கணக்கைக் குறிப்பிடும் மருத்துவர் சான்றிதழை எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காவின் சில பகுதிகளைத் தொட்டு வரும் கப்பல்களில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் போட்டுப் பயனில்லை. 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும். பழைய சான்றிதழ் இருந்தால் மீண்டும் ஊசி தேவையில்லை.

7. இணையப் பதிவை ஆவணத்தைப் பார்த்து நிரப்புங்கள்

கடவுச்சீட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பதிவை முடியுங்கள். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறுவதும், எண்ணில் பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் குழம்புவதும் அடிக்கடி நடக்கின்றன. பதிவுக்குப் பின் கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால் புதிய எண்ணை உடனே மாற்றுங்கள். கப்பலேறும் சீட்டை அச்சிட்டு, அதில் உள்ள பெயரை மறுபடி ஒப்பிடுங்கள்.

8. ஆவணங்கள் கைப்பையில் மட்டுமே

துறைமுக வாசலில் பெரிய பெட்டிகளைச் சுமைதூக்குவோரிடம் கொடுத்துவிட்டால் அவை மாலையில்தான் அறைக்கு வரும். கடவுச்சீட்டை அந்தப் பெட்டிக்குள் வைத்தவர்களை அநேகமாக ஒவ்வொரு புறப்பாட்டிலும் பார்க்கலாம். பெட்டியைக் கொடுக்கும் முன் கடவுச்சீட்டு, விசா, அட்டைகள், சான்றிதழ்கள், மருந்துச் சீட்டு ஆகிய அனைத்தும் தோளில் உள்ள பையில் இருக்கின்றனவா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பதிவு மேசை பெரும்பாலும் கப்பல் புறப்படுவதற்கு 60 முதல் 90 நிமிடங்களுக்கு முன்பே மூடப்படும். ஏதேனும் தவறினால் சரிசெய்ய நேரம் இருக்கும்படி முன்கூட்டியே போங்கள்.

புகைப்படப் பக்கத்துக்கும் விசாக்களுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உடன் வருபவரிடம் கொடுங்கள். இன்னொன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, அதன் படத்தைக் கைப்பேசியிலும் இணையம் இல்லாமலே திறக்கும்படி வையுங்கள்.

9. கப்பலில் ஏறிய பின்

சில வழித்தடங்களில் துறைமுக அதிகாரிகளிடம் ஒரே நேரத்தில் காட்டுவதற்காகக் கப்பல் ஊழியர்கள் கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இது இயல்பான நடைமுறை. அவர்கள் தரும் ரசீதைப் பத்திரப்படுத்தி, எப்போது திரும்பத் தருவார்கள் என்று கேட்டுவையுங்கள்.

கரையில் இறங்கும்போது, கப்பலில் ஒவ்வொரு பயணிக்கும் தரப்படும் கப்பல் அட்டையோடு வேறென்ன வேண்டும் என்பது துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். சில இடங்களில் புகைப்பட அடையாள அட்டை போதும், சில இடங்களில் கடவுச்சீட்டே வேண்டும்; முந்தைய இரவு அறைக்கு வரும் தினசரி அறிவிப்புத் தாளில் இது இருக்கும். அதே தாளில், அந்தத் துறைமுகத்தில் கப்பலின் சார்பாகச் செயல்படும் துறைமுக முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். இறங்கும் முன் அந்தப் பகுதியைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியவர் அவர்தான். பயணி திரும்பவில்லை என்று தெரிந்ததும் அறையின் பாதுகாப்புப் பெட்டியிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து முகவரிடம் விட்டுச் செல்லும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு.

கடவுச்சீட்டு தொலைந்துவிட்டால், அது கரையில் தொலைந்திருந்தாலும், கப்பலின் பயணியர் சேவை மேசையில் அன்றே சொல்லுங்கள். அடுத்த துறைமுகத்துக்கு அருகே உங்கள் நாட்டுத் தூதரகம் உள்ளதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அவசரப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்கக் காவல்துறைப் புகாரின் நகலும், எட்டாம் படியில் எடுத்துவைத்த நகலும், இரண்டு புகைப்படங்களும் பெரும்பாலும் கேட்கப்படும். புகைப்படங்களை ஊரிலிருந்து கிளம்பும்போதே அந்த நகலோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.